காட்டு வான்கோழியும் வசந்த காலக் கணக்கும்

வான்கோழின்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது மூதுரைதான். மயில் ஆடுறதைப் பாத்துட்டு தானும் சிறகை விரிச்சு ஆடப்போன பறவைன்னு ஸ்கூல்ல படிச்சோம். அதுக்கப்புறம் எவனாவது எவனையாவது காப்பியடிச்சா "வான்கோழி"ன்னு திட்டி திட்டியே அந்தப் பறவையோட பேரை ரிப்பேர் ஆக்கி வச்சிருக்கோம்.

இதுல ஒரு சின்ன சிக்கல் இருக்கு. இன்னைக்கு நாம வான்கோழின்னு சொல்ற பறவை அக்மார்க் அமெரிக்கக் கண்டத்து ஆளு. 1492ல கொலம்பஸ் கிளம்பிப் போறதுக்கு முன்னாடி ஆசியாவுல ஒண்ணு கூட கிடையாது. மூதுரை அதுக்கு முன்னாடியே எழுதப்பட்டதுன்னா, அதுல ஆடினது வேற ஏதோ ஒரு பறவை. பேரு மட்டும் பின்னாடி வந்து இதுக்கு ஒட்டிக்கிச்சு. பாவம், செய்யாத தப்புக்கு திட்டு வாங்குது.

பேர் விஷயத்துல உலகம் முழுக்கவே குழப்பம்தான். இங்கிலீஷ்காரன் துருக்கி வியாபாரிங்க கொண்டு வந்ததுன்னு நினைச்சு 'டர்க்கி'ன்னான். துருக்கியில போய் கேட்டா 'ஹிந்தி'ங்கிறான், அதாவது இந்தியாவுலேர்ந்து வந்ததாம். பிரெஞ்சுக்காரனும் அதே மாதிரி இந்தியா பேரைத்தான் சொல்றான். போர்ச்சுகீசுல 'பெரு'. மலாய்க்காரன் டச்சுக் கோழிங்கிறான். எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரனைக் கை காட்டுறான், ஒருத்தனும் மெக்சிகோ பேரைச் சொல்லலை. ஆனா முதன்முதலா இதைப் பழக்கி வீட்டுப் பறவையாக்குனதுல பெரிய பங்கு மெக்சிகோ மக்களுக்குத்தான். அங்கேர்ந்து 1500களின் தொடக்கத்துல ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்கு ஏத்திட்டுப் போனாங்க.

இந்தியாவுக்கு வந்த கதை இன்னும் சுவாரசியம். 1612ல முகர்ரப் கான்ங்கிற அதிகாரி கோவாவுல போர்ச்சுகீசியர்கள்கிட்டேர்ந்து சில வினோத மிருகங்களையும் பறவைகளையும் வாங்கிட்டு வந்து ஜஹாங்கீர்கிட்ட கொடுத்தார். அதுல ஒரு வான்கோழியும் இருந்துச்சு. மனுஷன் அசந்து போயிட்டார். அது மயில் மாதிரி தோகை விரிக்கிறதையும், தலையும் கழுத்தும் ஒரு நேரம் சிவப்பா, ஒரு நேரம் வெள்ளையா, ஒரு நேரம் நீலமா பச்சோந்தி மாதிரி மாறுறதையும் தன் நினைவுக் குறிப்புல விவரமா எழுதி வச்சிருக்கார். அவரோட ஓவியர் மன்சூர் வரைஞ்ச அந்த வான்கோழி இன்னைக்கும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. இந்த சிவப்பு, வெள்ளை, நீலத்தை ஞாபகம் வச்சுக்கங்க. பின்னாடி தேவைப்படும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தப் பறவை சொந்த ஊருல கிட்டத்தட்ட அழிஞ்சு போய், அப்புறம் திரும்ப வந்துச்சு. அந்தக் கதையில ஒரு விடுகதை இருக்கு. காட்டு வான்கோழியோட முக்கியமான வேட்டை சீசனை அமெரிக்காக்காரன் வச்சிருக்கிறது வசந்த காலத்துல. அதாவது சரியா அதோட இனப்பெருக்க காலத்துல! நம்ம ஊர்ல கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடை. காரணம், அது மீன் முட்டை போடுற காலம். இவன் என்னடான்னா தலைகீழா அந்த நேரத்துலதான் துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போறான். ஆனாலும் பறவை பெருகியிருக்கு. எப்படி?

ஒரு கோடியிலேர்ந்து பாதாளத்துக்கு

ஐரோப்பியர்கள் வர்றதுக்கு முன்னாடி வட அமெரிக்காவுல ஒரு கோடி காட்டு வான்கோழி வரைக்கும் இருந்திருக்கலாம்னு ஒரு மதிப்பீடு. இன்னைக்கு மாநிலங்களா இருக்கிற பகுதிகள்ல 39ல இது இருந்துச்சு. ஆடுபான் தன்னோட புகழ்பெற்ற அமெரிக்கப் பறவைகள் படத் தொகுதியை 1827ல ஆரம்பிச்சப்போ முதல் படமா போட்டதே காட்டு ஆண் வான்கோழியைத்தான்.

அந்த ஆடுபானே அந்தக் காலத்துப் பொறி ஒண்ணைப் பத்தி எழுதியிருக்கார். மரக்கட்டைகளை அடுக்கி, மேல மூடி ஒரு பட்டி கட்டுவாங்க. சுவருக்கு அடியில ஒரு பள்ளம் தோண்டி, வெளியிலேர்ந்து உள்ள வரைக்கும் சோளத்தைத் தூவி விடுவாங்க. வான்கோழி தலையைக் குனிஞ்சு கொத்திக்கிட்டே பள்ளம் வழியா உள்ள வந்துடும். வந்ததும் தலையை நிமிர்த்தும், பயந்து போய் மேலயே பாத்துக்கிட்டு சுவரைச் சுத்திச் சுத்தி ஓடும். வந்த வழி காலுக்குக் கீழேயே திறந்து கிடக்கும், ஆனா குனிஞ்சு பாக்கணும்னு தோணாது. ஒரே பொறியில ஒரு கூட்டமே காலி.

இன்னொரு பலவீனம், ராத்திரி மரத்து மேல கூட்டமா தூங்குறது. நிலா வெளிச்சத்துல கீழ நின்னு ஒவ்வொண்ணா சுட்டுத் தள்ளினாங்க. சீசனும் கிடையாது, அளவும் கிடையாது. சுட்டது நேரா சந்தைக்குப் போச்சு. கூடவே காட்டை வெட்டி வயலாக்கினாங்க. கனெக்டிகட்ல 1813ல முடிஞ்சது கதை. மாசசூசெட்ஸ்ல கடைசிப் பறவை போனது 1851ல. மிச்சம் இருந்ததுக்கு அடுத்த அடி 1904ல வந்துச்சு. நியூயார்க்ல கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய், அடுத்த சில பத்தாண்டுகள்ல கோடிக்கணக்கான அமெரிக்க செஸ்ட்நட் மரங்களைக் கொன்னுடுச்சு. குளிர்கால சாப்பாட்டுல முக்கியமானது அந்தக் கொட்டைதான். 1920 வாக்குல கணக்கெடுத்தா 39ல 18 மாநிலத்துல ஒண்ணு கூட இல்லை.

சட்டம், காசு, தோத்துப் போன ஒரு ஐடியா

1900ல லேசி சட்டம் வந்துச்சு. திருட்டுத்தனமா வேட்டையாடினதை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விக்கிறது குற்றம்னு ஆச்சு. சந்தைக்காக வேட்டையாடுறவங்களுக்கு அது பெரிய அடி. ஆனா தடை போட்டா மட்டும் பறவை பறந்து வந்துடுமா? காசு வேணும், ஆள் வேணும். அதுக்கு வழி பண்ணினது 1937ல ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட பிட்மன் ராபர்ட்சன் சட்டம். வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மேல வர்ற வரியை அப்படியே மாநிலங்களோட வனவிலங்குத் துறைகளுக்கு ஒதுக்கணும். அதை வாங்கணும்னா ஒரு கண்டிஷன். வேட்டை லைசென்ஸ்ல வர்ற காசை மாநிலம் வேற எதுக்கும் திருப்பி விடக்கூடாது. ரோடு போடுறேன், பாலம் கட்டுறேன்னு கை வைக்க முடியாது. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச ஷரத்து இதுதான்.

காசு வந்ததும் எல்லாருக்கும் தோணின முதல் ஐடியா, பண்ணையில முட்டையைப் பொரிக்க வச்சு, வளர்த்து, காட்டுல கொண்டு போய் விட்டுடலாம்ங்கிறது. கேக்க நல்லா இருக்கு இல்ல? பல மாநிலங்கள் பல வருஷம் இதைத்தான் பண்ணுச்சு. விட்ட பறவையெல்லாம் நரிக்கும் குளிருக்கும் பலியானதுதான் மிச்சம்.

ஏன்னு விளக்கினவர் ஸ்டார்க்கர் லியோபோல்ட். சூழலியல்ல பெரிய பேரான ஆல்டோ லியோபோல்டோட பையன். மிசௌரி காடுகள்ல சுத்தமான காட்டு வான்கோழியையும், நாட்டுக் கலப்பு உள்ளதையும் ஒப்பிட்டு 1944ல ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். கலப்புப் பறவைக்கு மூளை சின்னது. சீசனுக்கு முன்னாடியே முட்டை போட ஆரம்பிச்சுடும், குஞ்சு குளிர்ல மாட்டும். ஆபத்துன்னு தாய் குரல் கொடுத்தா காட்டுக் குஞ்சு தரையோட தரையா ஒட்டிக்கிட்டு அசையாம கிடக்கும். கலப்புக் குஞ்சுக்கு அந்த ஒழுக்கம் வராது. காட்டுத்தனம்ங்கிறது ரத்தத்துல இருக்கணும், அதுக்கு மேல அம்மா சொல்லிக் கொடுக்கணும். ரெண்டும் இன்குபேட்டர்ல கிடைக்காது.

பீரங்கி வலை

அப்போ ஒரே வழி, காட்டுல மிச்சம் இருக்கிறதையே உயிரோட பிடிச்சு வேற காட்டுக்கு மாத்தணும். ஆனா இது லேசுல மாட்டுற பறவை இல்லை. பழைய பட்டிப் பொறியில ஏமாந்ததெல்லாம் செத்துப் போச்சு, எச்சரிக்கையானதுதான் மிஞ்சி இருக்கு.

வாத்து பிடிக்க உருவாக்கின ஒரு கருவி கை கொடுத்துச்சு. பெரிய வலையை மடிச்சு ஒளிச்சு வச்சு, முன்னாடி சோளம் தூவி, சின்ன பீரங்கிக் குழாய்களால வலையை கண் இமைக்கிற நேரத்துல கூட்டத்து மேல வீசுறது. 1951ல தெற்கு கரோலினாவுல ஃப்ரான்சிஸ் மரியன் தேசியக் காட்டுல டஃப் ஹோல்புரூக்ங்கிற உயிரியலாளர் இதை வான்கோழிக்கு வெற்றிகரமா பயன்படுத்திக் காட்டினார். அதுக்கப்புறம் நாடு முழுக்க இதே வேலைதான். விடியறதுக்கு முன்னாடி மறைவுல போய் உக்காந்து, மணிக்கணக்கா காத்திருந்து, வலையை வீசி, பிடிச்சதை அட்டைப் பெட்டியில போட்டு லாரியில ஏத்திட்டுப் போய் புதுக் காட்டுல திறந்து விட்டாங்க.

கணக்கைப் பாருங்க. வெர்மான்ட்டுக்கு 1969, 1970ல நியூயார்க்லேர்ந்து வந்தது மொத்தம் 31 பறவை. மாசசூசெட்ஸுக்கு 1970களின் தொடக்கத்துல வந்தது 37. நியூ ஹாம்ப்ஷயருக்கு 1975ல 25. அவ்வளவுதான்! இன்னைக்கு இந்த மூணு மாநிலத்துலயும் தனித்தனியா பத்தாயிரக்கணக்குல இருக்கு. பண்ணையில ஆயிரம் ஆயிரமா வளர்த்து விட்டு நடக்காதது, ஒரு வேன்ல அடங்குற காட்டுப் பறவையால நடந்துச்சு. மாநிலங்களுக்கு நடுவுல பண்டமாற்று வேற. மிசௌரிக்கு நீர்நாய் வேணும், கென்டக்கிக்கு வான்கோழி வேணும். மாத்திக்கிட்டாங்க :-)

1973ல தேசிய காட்டு வான்கோழி கூட்டமைப்பு ஆரம்பிச்சப்போ நாட்டுல சுமார் 13 லட்சம் பறவை. 2000களின் தொடக்கத்துல அது 65 லட்சத்தைத் தாண்டுச்சு. இன்னைக்கு அலாஸ்கா தவிர 49 மாநிலத்துலயும் இருக்கு. ஆதியில இல்லாத ஹவாயிலயும் கூட.

ஏன் வசந்த காலம்?

இப்போ விடுகதைக்கு வருவோம். விடை ஆண் பறவையோட குடும்ப வாழ்க்கையில இருக்கு. சுருக்கமா சொன்னா, அப்படி ஒண்ணே கிடையாது :-)

பகல் நேரம் நீள ஆரம்பிச்சதும் ஆண் பறவைக்கு ஹார்மோன் ஏறும். தோகையை விரிச்சு, இறக்கையைத் தரையில தேய்ச்சு நடந்து, தொண்டை கிழிய 'கபகபகப'ன்னு கத்தும். அதனாலதான் அதுக்கு 'கப்ளர்'னே பேரு. ஒரு ஆண் பல பெட்டைகளோட சேரும். சேர்ந்த பெட்டை அந்த விந்தை உடம்புலயே வாரக்கணக்குல சேமிச்சு வச்சுக்கும். தரையில குழி பறிச்சு நாளுக்கு ஒண்ணுங்கிற மாதிரி 10, 12 முட்டை வைக்கும். அப்புறம் 28 நாள் தனியாவே அடைகாக்கும். குஞ்சையும் தனியாவே வளர்க்கும். ஆண் எட்டிக்கூடப் பாக்காது.

இதுலேர்ந்து வர்ற முடிவு எளிமையானது. பெட்டைங்க சேர்ந்து முடிச்ச பிறகு, ஆண்கள்ல ஒரு பங்கை எடுத்தா அடுத்த வருஷக் குஞ்சு எண்ணிக்கை குறையக்கூடாது. விசைப்படகு வலையில ஆண் எது, பெண் எது, சினை எதுன்னு பிரிக்க முடியாது. அதனால அங்க முழுத் தடை சரி. இங்க ஒவ்வொண்ணா, கண்ணால பாத்து, தாடி இருக்கான்னு உறுதி பண்ணிட்டு சுடுறாங்க. ஆமா, ஆண் வான்கோழிக்கு நெஞ்சுல குதிரை மயிர் மாதிரி ஒரு தாடி தொங்கும். ரெண்டு சட்டமும் பாக்க நேர் எதிர், ஆனா ரெண்டுக்கும் பின்னாடி இருக்கிறது ஒரே யோசனை. அம்மாவைத் தொடாதே.

ஆனா எல்லாம் தேதியில இருக்கு. சீசனை ரொம்ப முன்னாடி திறந்தா பெட்டை இன்னும் சேர்ந்திருக்காது, கூட்டத்தோட காட்டுல அலையும், தவறுதலா அடியும் படும். அதனால பெரும்பாலான பெட்டைகள் அடையில உக்கார்ற நேரத்தை ஒட்டித் திறக்கணும்னு உயிரியலாளர்கள் சொன்னாங்க. இதுல ஒரு அழகான பொருத்தமும் இருக்கு. வசந்தத்துல ஆண்களோட கத்தல் ரெண்டு தடவை உச்சத்துக்குப் போகும். முதல் தடவை பெட்டைகளைச் சேர்க்கும்போது. ரெண்டாவது, பெட்டைங்க அடையில போய் உக்காந்து, இவன் தனியாளா நிக்கும்போது. பறவை இனத்துக்கு ஆபத்து குறைவான நேரமும், வேட்டைக்காரன் குரலுக்கு ஆண் ஓடி வர்ற நேரமும் ஒண்ணாவே வருது.

தெற்கு மாநிலங்கள்ல வசந்த வேட்டை பழைய மரபு. அதைப் பத்தி 1914லயே ஒரு புத்தகம் வந்துச்சு. போட்டவர் டபாஸ்கோ மிளகாய் சாஸ் குடும்பத்து எட்வர்ட் மெக்கில்ஹெனி. அது பெரும்பாலும் 1909ல சுட்டுக் கொல்லப்பட்ட சார்லஸ் ஜோர்டான்ங்கிற வேட்டைக்காரரோட குறிப்புகள். ஆனா அறிவியல் கணக்கோட ஆரம்பிச்சதுக்கு நல்ல உதாரணம் மிசௌரி. 1937ல வேட்டையை மூடினாங்க. 1954லேர்ந்து பிடிச்சு மாத்துற வேலை. 1960ல முதல் வசந்த சீசன். எத்தனை நாள்? மூணே நாள். எத்தனை கவுன்ட்டி? 14. எத்தனை பறவை விழுந்துச்சு? 94. அந்த 94 அடுத்த வருஷத்தைப் பாதிக்கலைன்னு பாத்துட்டுதான் மெதுவா மெதுவா திறந்தாங்க. 2004ல அதே மாநிலத்துல வசந்த சீசன்ல மட்டும் 60,000க்கு மேல. நாம சாஃப்ட்வேர்ல முதல்ல பத்து பேருக்குக் கொடுத்து, உடையுதான்னு பாத்துட்டு, அப்புறம் எல்லாருக்கும் விடுற மாதிரி.

விடியற்காலை சதுரங்கம்

வேட்டை எப்படி நடக்குது? முந்தின நாள் சாயங்காலமே போய் எந்த மரத்துல தூங்கப் போகுதுன்னு கேட்டு வைக்கணும். இருட்டினதும் ஆந்தை மாதிரி கத்தினா ஆண் எரிச்சல்ல பதிலுக்குக் கத்தும், இடம் தெரிஞ்சுடும். மறுநாள் விடியறதுக்கு முன்னாடி சத்தமில்லாம நூறு, நூத்தம்பது கஜம் பக்கத்துல போய், நம்ம தோளை விட அகலமான மரத்துல சாஞ்சு உக்காரணும். மரம் முதுகை மறைக்கும், பின்னாலேர்ந்து வேற வேட்டைக்காரன் தெரியாம சுடுறதையும் தடுக்கும். அப்புறம் அசையக்கூடாது. இதுக்கு மோப்பம் சுமார்தான், ஆனா கண்ணு பயங்கரம். மூக்கைச் சொறிஞ்சா கூட ஆட்டம் க்ளோஸ்.

பெட்டை மாதிரி குரல் கொடுக்கணும். அந்தக் காலத்துல வான்கோழியோட இறக்கை எலும்பையே ஊதினாங்க. 1897ல ஆர்கன்சாவுல ஹென்றி கிப்சன்ங்கிறவர் ஒரு மரப்பெட்டி விசிலுக்குக் காப்புரிமை வாங்கினார். மூடியைப் பெட்டி மேல தேய்ச்சா அச்சு அசல் பெட்டைக் குரல் வரும். இன்னைக்கும் அதே டிசைன்தான் விக்குது.

கஷ்டம் எங்கன்னா, இயற்கையில ஆண் கத்தும், பெட்டைதான் தேடிப் போகும். வேட்டைக்காரன் இதைத் தலைகீழாக்கப் பாக்குறான். "நீ வாடா என்னைத் தேடி"ங்கிறான். அதனால நிறைய கத்தினா "எப்படியும் வருவா"ன்னு ஆண் நின்ன இடத்துலயே தோகை விரிச்சு நிக்கும். கொஞ்சமா கூப்பிட்டு நிறுத்தினாத்தான் சந்தேகம் வந்து கிளம்பி வரும். பக்கத்துல நிஜப் பெட்டை இருந்தா சுத்தம், திரும்பிக்கூடப் பாக்காது. அப்போ 9, 10 மணி வரைக்கும் பொறுமையா இருக்கணும். பெட்டைங்க கூட்டுக்குப் போனதும் அவன் தனியாயிடுவான். 40 கஜத்துக்குள்ள வந்தாத்தான் சுடலாம். பல தடவை பறவைதான் ஜெயிக்கும்.

ஒரு கண்டிப்பான விதி. சிவப்பு, வெள்ளை, நீலம், இந்த மூணு கலர்ல கர்ச்சீப் கூட கொண்டு போகக்கூடாது. ஏன்னா ஆணோட தலை அந்த மூணு கலர்லதான் மாறும். ஜஹாங்கீர் ரசிச்சு எழுதினது இங்க உயிர் காக்கிற விஷயம்.

கதை முடியலை

2000களின் நடுவுலேர்ந்து, குறிப்பா தெற்கு மாநிலங்கள்ல, பறவை குறையுது. மொத்தம் இப்போ சுமார் 60 லட்சம்ங்கிறாங்க. வாழிடம், முட்டை திருடுற ரக்கூன் மாதிரி எதிரிங்கன்னு பல காரணம் சொல்றாங்க. அதோட தேதி பத்தின பழைய கேள்வியும் திரும்ப வந்திருக்கு. சீசனைச் சீக்கிரம் திறந்து தலைமை ஆணை எடுத்துட்டா கூட்டத்தோட ஒழுங்கு குலைஞ்சு சேர்றது தாமதமாகுதோன்னு ஜார்ஜியா பல்கலைக்கழகத்து மைக்கேல் சேம்பர்லேன் கேட்டார். ஜார்ஜியா 2022ல சீசனைத் தள்ளி வச்சு, ஆளுக்கு மூணுங்கிறதை ரெண்டாக்குச்சு. டென்னசி 2023ல மாநிலம் முழுக்க ரெண்டு வாரம் தள்ளுச்சு. ஆனா டென்னசியிலயே சில கவுன்ட்டிகள்ல முன்கூட்டி தள்ளிப் பாத்து செஞ்ச ஆய்வு 2024ல வெளிவந்தப்போ, தள்ளினதால குஞ்சு பொரிக்கிறது கூடலைன்னு சொல்லுச்சு. சண்டை இன்னும் ஓடிட்டு இருக்கு.

எனக்கு இந்தச் சண்டையே பெரிய விஷயமா படுது. ஒரு பறவைக்காக ரெண்டு வாரம் முன்னாடியா பின்னாடியான்னு ஒரு மாநிலமே தரவை வச்சுக்கிட்டு வாதாடுது. துப்பாக்கி வச்சிருக்கிறவனே "வேண்டாம், இன்னும் ரெண்டு வாரம் பொறுப்போம்"ங்கிறான். நூறு வருஷம் முன்னாடி நிலா வெளிச்சத்துல மரத்தடியில நின்னு சுட்டவனோட பேரன் அவன். நம்ம ஊர்ல 1972 சட்டத்துக்கு அப்புறம் வேட்டைன்னாலே கெட்ட வார்த்தை, அதுக்கு நியாயமான காரணமும் இருக்கு. ஆனா எண்ணுறது, தேதி பாக்கிறது, தப்பா இருந்தா மாத்திக்கிறது, வந்த காசை அதுக்கே செலவு பண்றது, இந்த நாலையும் எடுத்துக்க துப்பாக்கி தேவையில்லை. நம்ம ஏரிக்கும் கடலுக்கும் கூட அது பொருந்தும்.

இனிமே யாரையாவது வான்கோழின்னு திட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க. அது மயிலைப் பாத்து ஆடலை. தன் பெட்டைக்காகத்தான் ஆடுது. அந்த ஆட்டம் அதுக்கு உயிர் போற விஷயம்.

டிஸ்கி: இது வேட்டைக்கு ஆள் சேர்க்கிற பதிவு இல்லைங்க. உங்க ஊர்ப் பக்கம் சீசன் பாத்து மீனோ பறவையோ விட்டுவைக்கிற பழக்கம் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, தனிப் பதிவாவே போட்டுடலாம்.